திண்டிவனத்துல கயோடேவுக்கு ஒரு பேனர்

எங்க ஊர்ல செத்தா எல்லாரும் செவப்பாயிடுவாங்க. சிரிக்காதீங்க, நான் ஃப்ளெக்ஸ் கடை வெச்சிருக்கறவ, எனக்குத் தெரியும். திண்டிவனத்துல மரக்காணம் ரோட்டு மேல கடை. கல்யாணம், காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, கட்சிக்காரங்க பொறந்த நாள்னு எல்லாம் அடிப்போம். ஆனா எங்களுக்குச் சோறு போடறது கண்ணீர் அஞ்சலிதான். மல்லாட்டைக் கொல்லையில வெயில்ல காஞ்சி கருத்த மனுஷன் செத்துட்டா, ஆதார் கார்டுல இருக்கற போட்டோவைக் கொண்டாந்து நீட்டுவாங்க. எங்க வூட்டுக்காரர் தேவநாதன் அதைக் கம்ப்யூட்டர்ல ஏத்தி, மூஞ்சைத் தொடைச்சி வெளுப்பாக்கி, கோட்டு மாட்டி, பின்னால ரெண்டு புறாவைப் பறக்க வுட்டுடுவாரு. உசுரோட இருந்தப்ப அந்தாளு கோட்டைத் தொட்டுக்கூடப் பாத்திருக்க மாட்டாரு. ஆனா இது எங்கப்பா இல்லைன்னு ஒரு வூட்லயும் சொன்னது கெடையாது. சகாயராஜ் அண்ணன் ஒருத்தர்தான் சொன்னாரு. அவர் கதையைத்தான் சொல்ல வந்தேன்.

எங்க கடைக்கு நாலு கடை தள்ளி அவருக்கு மோட்டார், ஜெனரேட்டர் ரிப்பேர் கடை. கண்டமங்கலம் பக்கத்துக் காலனிக்காரர், வேதக்காரங்க, மாதா கோயிலுக்குப் போறவங்க. இருவத்தஞ்சு வயசுல நைஜீரியாவுக்குப் போனவரு. லாகோஸ்னு ஊராம், கடலோர ஊரு. நம்மாளு ஒருத்தர் அங்க பிளாஸ்டிக் குடம் கம்பெனி வெச்சிருந்தாராம், அதுல ஜெனரேட்டர் பாத்துக்கற வேலை. அங்க கரண்ட்டு விருந்தாளி மாதிரி, வந்தா வந்துச்சு, போனா போச்சு. அதனால வூட்டுக்கு வூடு ஜெனரேட்டர் ஓடுமாம். பதினாறு வருஷம் அங்கயே கெடந்துட்டு, கம்பெனியை மூடினதும் திரும்பி வந்தாரு. அதுக்குள்ள அப்பா அம்மா போயிட்டாங்க, கல்யாண வயசும் போயிடுச்சு. விழுப்புரத்துல ஒரே ஒரு அக்கா, சவுரியம்மாள். அவ்ளோதான் அவருக்கு மனுஷங்க.

நல்ல ஆளு, சொன்ன நேரத்துக்கு வேலையை முடிச்சிக் குடுப்பாரு. ஆனா கடையில ஒரு ஸ்பீக்கர் வெச்சிருப்பாரு பாருங்க, அதான் பேஜாரு. காலையில இருந்து சாயந்தரம் வரைக்கும் ஒருத்தன் மூச்சு வுடாம பேசிக்கினே இருப்பான். அடியில டம்மு டம்முன்னு அடி வேற. டீக்கடை விருத்தாசலம், "இன்னா சகாயம், யார்கிட்ட காசு வாங்கினே, இந்தத் திட்டு திட்டறான்?"னு கேப்பாரு. கடைக்காரங்க எல்லாம் சிரிப்போம். அவரும் கூட சிரிச்சிட்டு உள்ள போயிடுவாரு.

எனக்கு மட்டும் கொஞ்சம் வெவரம் தெரியும். காரணம், எங்க ஜெனரேட்டர் மாசத்துக்கு ஒரு தரம் மக்கர் பண்ணும். அவர் அதைக் கழட்டிக்கினே பேசுவாரு, நான் கடையை வுட்டு எங்க போறது, கேட்டுத்தான ஆவணும்.

"இது பாட்டு இல்ல அருணாம்மா, பேச்சு. பேச்சைத் தாளத்துல ஓட வுடறது. இன்னா பேசறான்னு தெரிஞ்சா நீ சிரிப்பே, அப்பால அழுவே"ன்னு சொல்வாரு.

லாகோஸ்ல அவர் ரூமுக்குப் பின்னாடி ஒரு ரெக்கார்டிங் ரூம் இருந்துச்சாம். ரெக்கார்டிங்னா பெருசா நெனச்சிக்காதீங்க, முட்டை அட்டையைச் செவுத்துல ஒட்டி, ஒரு மைக்கைத் தொங்க வுட்ட ரூம். நாலஞ்சு பசங்க. பாதிப் பாட்டுல ஜெனரேட்டர் நின்னு போயி, பசங்க கத்தற சத்தம் தெனமும் கேக்குமாம். ஒரு நாள் பொறுக்க முடியாம இவர் செவுரு ஏறிக் குதிச்சி, பிளக்கைக் கழட்டித் தொடைச்சி ஓட வுட்டுட்டு வந்திருக்காரு. அன்னையில இருந்து அந்த ரூம்தான் இவருக்கு வூடு. அந்தப் பசங்கள்ல ஒருத்தன்தான் கயோடே. சந்தோஷத்தைக் கொண்டாந்தவன்னு அந்தப் பேருக்கு அர்த்தமாம். அவங்கம்மா ரோட்டோரம் காராமணி வடை சுட்டு விக்கறவங்க.

ஆரம்பத்துல எல்லாப் பசங்களும் அமெரிக்காக்காரன் மாதிரி மூக்கால பாடுவானுங்களாம். பனியே பெய்யாத ஊர்ல ஒக்காந்துக்கினு பனியைப் பத்தி எழுதுவானுங்களாம். அப்பறம் ஒருத்தன் ரெண்டு பேரு, நம்ம பாஷைக்கு இன்னா கொறைச்சல்னு யோருபாவுல எழுத ஆரம்பிச்சானுங்க. சந்தை இங்கிலீஷ் ஒண்ணு இருக்காம், பிட்ஜின்னு பேரு, அதையும் கலந்து வுட்டானுங்க. ரேடியோவுல இதைப் போட மாட்டோம், இது ரோட்டுப் பேச்சுன்னு சொல்லிட்டாங்களாம். சரி போங்கடான்னு டிராபிக் ஜாம்ல காருக்குக் கார் சிடி வித்திருக்கானுங்க. மினிபஸ்ல தொங்கற கண்டக்டர் அதைப் பாடினான், மீன் விக்கற பொம்பளைங்க பாடினாங்க. அதுக்கப்புறம் ரேடியோக்காரனும் வழிக்கு வந்தான். இக்போ பேசறவன் இக்போவுல, ஹவுசா பேசறவன் ஹவுசாவுல, ஊருக்கு ஒருத்தன் கெளம்பிட்டான். இப்ப லண்டன்ல அவனுங்க பாட்டுக்கு ஸ்டேடியம் ரொம்புதாம். "பாட்டு பெருசாயிடுச்சும்மா. ஆடறதுக்கு அடி இருக்குது, பேச்சுதான் கொறைஞ்சி போச்சு. பேச்சு வேணும்னா இன்னும் கயோடேகிட்டதான் வர்றானுங்க. பெரிய பெரிய ஆளுங்களுக்கு இவன்தான் எழுதித் தர்றான், பேரு வெளிய வராது"ன்னு வருத்தப்படுவாரு.

ஒரு வெஷயம் எனக்கே புடிச்சிது. அந்த ஊர்ல பெரியவங்க எதிர்ல சின்னவங்க பழமொழி சொல்லக் கூடாதாம். சொல்லியே ஆவணும்னா மொதல்ல மன்னிப்பு கேட்டுக்கணும். அப்ப பெரியவங்க, 'இன்னொண்ணு சொல்ல நீ இருப்பே'ன்னு வாழ்த்துவாங்களாம். கயோடே பாட்டு ஆரம்பத்துல கையைக் கட்டிக்கினு பவ்யமா மன்னிப்பு கேப்பான். கேட்டுட்டு, ரோடு போடாத மந்திரியைப் பழமொழியாலயே கிழி கிழின்னு கிழிப்பான். மந்திரியால வாயைத் தொறக்க முடியாது. பையன் மரியாதையாத்தான பேசினான்.

இன்னொரு பழக்கம், பாட்டு முடியறப்ப கூட்டாளிங்க பேரைக் கூப்புடறது. கயோடே ஒரு பாட்டுல இவர் பேரைக் கூப்ட்டிருக்கான். இவர் ஒரு நாள் டீக்கடையில எல்லாருக்கும் அதைப் போட்டுக் காமிச்சாரு. கடகடன்னு ஓடற பேச்சுக்கு நடுவுல, "மிஸ்டர் சகாய், லைட்டைப் போடு"ன்னு அவனுங்க இங்கிலீஷ்ல ஒரு கொரல். எனக்கே கேட்டுச்சு. விருத்தாசலம் வுட்டாரா? "சகாய்னு ஆயிரம் பேர் இருப்பான், நீதான்னு இன்னா ருசு?"ன்னாரு. எல்லாரும் சிரிச்சாங்க. சகாயண்ணன் போனை பாக்கெட்ல போட்டுக்கினு டீயைக் குடிச்சிட்டுப் போயிட்டாரு. அதுக்கப்புறம் அந்தப் பாட்டை வெளிய யாருக்கும் அவர் போட்டுக் காமிக்கலை.

போன ஆனி மாசம் ஒரு நாள் காலையில கடைக்கு வந்தாரு. ஷேவ் பண்ணலை, சட்டை பட்டன் மாத்திப் போட்டிருந்தாரு.

"அருணாம்மா, ஒரு பேனர் அடிக்கணும்."

"யாருக்குண்ணா?"

"கயோடே செத்துட்டான். ஜெனரேட்டர் புகை. மழைன்னு உள்ள தூக்கி வெச்சிட்டானுங்க."

அவ்ளோதான் சொன்னாரு. சொல்லிட்டு போன்ல போட்டோ தேட ஆரம்பிச்சிட்டாரு. கடையில அப்ப ஒரு கல்யாணப் பார்ட்டி, மாப்ள போட்டோ பெருசா பொண்ணு போட்டோ பெருசான்னு சண்டை போட்டுக்கினு நின்னாங்க. நானும் அய்யய்யோன்னுட்டு, இன்னா சைஸ்ணான்னு கேட்டேன். கடைல ஒக்காந்தா வாய் அப்படித்தான் வருது.

வழக்கமா கேக்கறதைக் கேட்டேன். தோற்றம், மறைவு, மேல இன்னா வரி. 'சிங்கம் சாய்ந்தது' போடலாமா, 'இமயம் சரிந்தது' போடலாமான்னு. அவர் யோசிச்சிட்டு, "இன்னொண்ணு சொல்ல நீ இருப்பேன்னு போடு"ன்னாரு. தேவநாதன் மவுஸை வுட்டுட்டுத் திரும்பிப் பாத்தாரு. "செத்தவருக்கு 'நீ இருப்பே'ன்னு எப்படி சார் போடறது?"

"போடுங்க"ன்னாரு சகாயண்ணன்.

கடைசியா கீழ யார் யார் பேருன்னு கேட்டேன். அஞ்சலி பேனர்னா அதான் முக்கியம். மேல இருக்கறவருக்கு ஒரு போட்டோ, கீழ வருந்தறவங்களுக்கு முப்பது போட்டோ. மச்சான் போட்டோ வுட்டுப் போச்சுன்னு சாவு வூட்ல அடிதடி ஆனதை நான் பாத்திருக்கேன். இவர் பாக்கெட்ல இருந்து அவரோட பாஸ்போர்ட் சைஸ் போட்டோ ஒண்ணை எடுத்து மேஜை மேல வெச்சாரு.

"வேற?"

"நான்தாம்மா."

"அங்க இருக்கற ஃப்ரெண்ட்ஸ் பேரைப் போடலாமேண்ணா."

"அவனுங்க அங்க அடக்கத்துக்கு நிப்பானுங்க. இங்க பேர் போட்டா இங்க வந்து ஒக்காரணும். பேர் போட்டவன் வந்து ஒக்காரலைன்னா அது பேனரா?"

அவர் சொன்னது மொறைதான். ஒத்தப் பேர்ல பேனர் நல்லா இருக்காதுண்ணா, அக்காகிட்ட கேளுங்கன்னு சொன்னேன். அன்னைக்கே பஸ் ஏறி விழுப்புரம் போயிட்டு சாயந்தரம் திரும்பி வந்தாரு. சவுரியம்மாள் ஒத்துக்கலை. பொண்ணுக்கு நிச்சயம் வெச்சிருக்கற நேரத்துல, ஊரு பேரு தெரியாத எவனுக்கோ துக்கத்துல என் பேரைப் போடுவியான்னு கேட்டுச்சாம். கேப்பைக் களியும் கருவாட்டுக் கொழம்பும் போட்டுச்சாம், சாப்பிட்டுட்டு வந்தாராம். அக்கா மேல எனக்குக் கோவம் வந்துச்சு, ஆனா நல்ல காரியம் வெச்சிருக்கற வூட்ல நானா இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன்.

"வுடும்மா, என் பேரு மட்டும் இருக்கட்டும்"னாரு. அப்பறம் மேஜையைப் பாத்துக்கினே சொன்னாரு, "அவன் ஊர்ல அவன் பாட்டுல என் பேரைப் போட்டான். என் ஊர்ல ஒரு நாளைக்கு அவன் பேரை நான் போடக் கூடாதா? நாலு பேரு நின்னு யாருப்பா இவன்னு கேட்டாப் போதும்மா எனக்கு."

சரின்னு அடிச்சோம். வெள்ளிக்கெழமை வந்து பாத்தாரு. தேவநாதன் ஃப்ளெக்ஸைத் தரையில விரிச்சி வெச்சிருந்தாரு. சகாயண்ணன் குனிஞ்சி பாத்துட்டு நிமுந்தாரு.

"யாரும்மா இது?"

எனக்கு மொதல்ல புரியலை. அப்பறம் பாத்தா, எங்க வூட்டுக்காரர் கை சும்மா இருந்திருக்குமா? வழக்கம் போல மூஞ்சைத் தொடைச்சி, கயோடேவை கோதுமை மாவு கலர்ல ஆக்கி வெச்சிருந்தாரு. கன்னத்துல ரோஸ் வேற. லாகோஸ்ல பொறந்தவன் மயிலம் பக்கத்து நாட்டாமை மாதிரி சிரிச்சிக்கினு இருந்தான். ஒடைஞ்ச பல்லைக் கூட வெச்சிக் கட்டிட்டாரு.

சகாயண்ணன் கத்தலை. கத்தியிருந்தாக்கூடப் பரவாயில்லை. "கயோடேவோட பெரிய பாட்டு எது தெரியுமா?"ன்னு கேட்டாரு. கேட்டுட்டு, எங்களைப் பாக்காம தமிழ்ல நிறுத்தி நிறுத்திச் சொன்னாரு.

"கரண்ட்டு போச்சு, ஊரு இருண்டு போச்சு,
நானும் இருட்டு, என் தெருவும் இருட்டு,
வாடகை கேக்க வந்தவன் கதவாண்ட நின்னுக்கினு இருக்கான்,
நான் அவன் எதுர்லதான் நிக்கிறேன், அவன் கண்ணுக்குத் தெரியலை,
வெள்ளைச் சட்டை போட்டுக்கினு கூட வந்த அவன் தம்பியைத்தான் புடிச்சிக்கினு போனான்."

"அவங்க பாஷையில இதைக் கேட்டா ஒவ்வொரு வரியும் ஒரே எடத்துல வந்து இடிக்கும். தமிழ்ல எனக்கு வரலை. கருப்பைப் பத்தி அழுது பாடினவன் உண்டும்மா, பெருமை பேசினவன் உண்டு. இப்படி சிரிச்சிக்கினே பாடினவன் இவன்தான். இவனைப் போயி வெளுத்து வெச்சிருக்கீங்களே."

தேவநாதன் வாயை வெச்சிக்கினு சும்மா இருக்காம, "எல்லாருக்கும் பண்றதுதான சார், நல்லதுக்குத்தான பண்ணேன்"னாரு. எனக்கு வந்துச்சே கோவம். "நல்லதுக்கா? உனக்கும் எனக்கும் இன்னா பால் கலரா? நாளைக்கு நான் செத்தா என்னையும் இப்படித்தான் தெரியாத பொம்பளையா மாத்தி ஒட்டுவியா? எடுய்யா மறுபடியும்"னு கஸ்டமர் எதுர்லயே வுட்டேன். மனுஷன் மூஞ்சைத் தூக்கி வெச்சிக்கினு மறுபடியும் அடிச்சாரு. இந்தத் தபா போன்ல இருந்த மாதிரியே வந்துச்சு. நல்ல கருப்பு, ஒடைஞ்ச பல்லு, தொப்பி, வாய் நெறைய சிரிப்பு. புறா கூட வேணாம்னு சகாயண்ணன் சொல்லிட்டாரு.

லாகோஸ்ல சனிக்கெழமை அடக்கம். அன்னைக்கே இங்கயும் அவர் கடை வாசல்ல பேனரைக் கட்டினாரு. கட்டினதோட வுட்டாரா, சின்னதா ஒரு சாமியானா, ஒரு வண்டி பிளாஸ்டிக் சேர் எறக்கி வரிசையாப் போட்டாரு. விருத்தாசலத்துகிட்ட ஒரு கேன் டீ சொல்லி வெச்சாரு. ஸ்பீக்கர்ல கயோடே பாட்டு, சத்தம் கொறைச்சி. ஷட்டரைப் பாதி எறக்கி வுட்டுட்டு வெள்ளை வேட்டியில மொத சேர்ல ஒக்காந்துக்கினாரு.

எங்க கடையில இருந்து பாத்தா எல்லாம் தெரியும். நான் பாத்துக்கினே இருந்தேன். பைக்ல போறவன் ஸ்லோ பண்ணி பேனரைப் பாப்பான், சேரைப் பாப்பான், போயிடுவான். காலேஜ் பசங்க ரெண்டு பேரு பேனர் பக்கத்துல நின்னு செல்ஃபி எடுத்துக்கினானுங்க. கரும்புக்குத் தண்ணி பாய்ச்சற மோட்டார் எரிஞ்சி போச்சுன்னு ஒருத்தர் டிவிஎஸ் வண்டியில மோட்டாரைக் கட்டிக்கினு வந்தாரு. "பயிரு காயுது, ஜல்தி பாரு சகாயம்"னாரு. இன்னைக்குக் கடை லீவு, துக்கம்னு இவர் பேனரைக் காமிச்சாரு. அவர் அண்ணாந்து பாத்துட்டு, "சரி, திங்கக்கெழமை ரெடியாயிடுமா?"ன்னு கேட்டுட்டு மோட்டாரை எறக்கி வெச்சிட்டுப் போனாரு. யாருப்பா இவன்னு ஒருத்தரும் கேக்கலை. விருத்தாசலம் டீ கேனைக் கொண்டாந்து வெச்சவரு, பேனரை ஒரு தரம் பாத்தாரு, கடையில ஆள் கூப்டாங்கன்னு போயிட்டாரு.

மத்தியானம் ஆச்சு. வெயில் ஏறி முன் வரிசை சேரெல்லாம் வெயில்ல கெடந்துச்சு. அவர் எழுந்து ஒவ்வொண்ணா நெழலுக்கு இழுத்துப் போட்டாரு. யாரும் ஒக்காராத சேரை எதுக்கு இழுக்கறாருன்னு எனக்கு ஆத்தாமையா இருந்துச்சு. எங்கப்பா செத்தப்ப வூட்ல எடம் இல்லாம கூட்டம். பேனர் நான்தான் அடிச்சேன். போட்டோ சின்னதாப் போச்சு, பேரு கீழ போச்சுன்னு அத்தனை பேரும் எங்கிட்ட வந்தாங்க, எப்படிம்மா ஆச்சுன்னு மட்டும் எங்கிட்ட ஒருத்தரும் கேக்கலை. பேனர் அடிக்கறவளுக்குத் துக்கம் இருக்காதுன்னு நெனப்பு. அது அன்னைக்கு ஞாபகம் வந்துச்சு.

தேவநாதன்கிட்ட கடையைப் பாத்துக்கோன்னுட்டு எழுந்தேன். "பில்லுதான் முடிஞ்சி போச்சே, நீ எதுக்கு?"ன்னாரு. அவர் கூடப் பேசறதுக்கு எனக்கு நேரம் இல்லை. முக்குல பூ விக்கற சின்னபொண்ணுகிட்ட ஒரு ரோஜா மாலை கட்டச் சொன்னேன்.

"யார் வூட்டுக்குக்கா?"

"ஜெனரேட்டர் கடை சகாயண்ணனுக்குத்தான்."

"அவருக்கு ஏதுக்கா மனுஷங்க, சாவறதுக்கு?"

மாலையை வாங்கிக்கினு போனேன். செருப்பை சாமியானாவுக்கு வெளிய வுட்டுட்டு, பேனருக்குக் கீழ மாலையை வெச்சி, கும்புட்டு, அவர் பக்கத்துச் சேர்ல ஒக்காந்தேன். அவர் என்னைப் பாத்து தலையை ஆட்டினாரு. ஸ்பீக்கர்ல அந்தப் பையன் பேசிக்கினே இருந்தான்.

அந்தப் பாட்டு முடிஞ்சதும் கேட்டேன். "எப்படிண்ணா ஆச்சு?"

எனக்குத் தெரியாதா? கடைக்கு வந்த அன்னைக்கே அவர்தான் சொன்னாரு. ஆனா துக்கம் கேக்கறதுன்னா அதான், தெரிஞ்சாலும் கேக்கணும். கேட்டாத்தான் அவங்களால சொல்ல முடியும்.

அவர் மொழங்காலைப் புடிச்சிக்கினாரு. "நல்ல மழையாம்மா"ன்னு ஆரம்பிச்சாரு. "ராவும் பகலும் வுடாத மழை. பாதிப் பாட்டு ரெக்கார்டு ஆயிட்டிருக்குது. வெளிய நான் தகரத்துல ஒரு கூண்டு கட்டிக் குடுத்துட்டு வந்தேன், அது துருப்புடிச்சி வுழுந்துடுச்சாம். ஜெனரேட்டர் நனையுதுன்னு உள்ள இழுத்துட்டானுங்க. கதவைச் சாத்தினாத்தான் மழை சத்தம் மைக்ல வுழாது. சாத்திட்டானுங்க. மத்தவனுங்க சாப்பாடு வாங்கப் போயிருக்கானுங்க, இவன் எழுதிக்கினு இருந்திருக்கான். திரும்பி வந்து பாத்தா தலையை சாய்ச்சிக்கினு இருந்தானாம். தூங்கறான்னு நெனச்சி, சத்தம் போடாதீங்கடான்னு சொல்லிக்கினு அவனுங்க வெளியவே நின்னு சாப்ட்டானுங்களாம். நான் இருந்திருந்தா வுட்டிருப்பனா அருணா? செவுத்தை ஒடைச்சாவது அதை வெளிய தூக்கி வெச்சிருப்பேன். நான் எதுக்கு இங்க வந்தேன்? இங்க எனக்கு யார் இருக்காங்கன்னு வந்தேன்?"

அழுதாரு. ஆம்பளை அழுதா நான் வேற பக்கம் திரும்பிக்கறவ, அன்னைக்குத் திரும்பலை. அவர் மூக்கைத் தொடைச்சிக்கினு மறுபடியும் பேச ஆரம்பிச்சாரு. எங்க தமிழ் முடிஞ்சிது, எங்க அந்த ஊர்ப் பேச்சு ஆரம்பிச்சிதுன்னு எனக்குத் தெரியலை. பேசிக்கினே போறாரு. கையை ஆட்டறாரு, நடுவுல சிரிக்கறாரு, பேனரைப் பாத்து ஏதோ கேக்கறாரு, மறுபடியும் அழறாரு. இத்தனை வருஷமா எங்க யாருகிட்டயும் அவர் இவ்வளவு பேசினதே இல்லை. ஒரு வார்த்தை கூட எனக்குப் புரியலை. புரியலைண்ணான்னு சொன்னா நிறுத்திடுவாரு. நான் 'ம்' கொட்டிக்கினே ஒக்காந்திருந்தேன்.